குறையின் மதிப்பு: மரக்கிண்ணக் கடைசலில் முண்டு, பூஞ்சைக்கறை, வெடிப்பு ஆகியவற்றின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மரத்தில் காணப்படும் முண்டு, பூஞ்சைக்கறை, வெடிப்பு முதலியவை தச்சுத் தொழிலில் குறைகளாகக் கருதப்படுகின்றன. ஆனால், மரக்கிண்ணக் கடைசலின் வரலாற்றில் இவையே உயர்ந்த விலைபெற்ற காலங்கள் உண்டு. இங்கிலாந்தின் இடைக்கால மேசர் கிண்ணங்களையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைசல் கலைஞர்கள் உருவாக்கிய கிண்ணங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, மரத்தின் குறை எவ்வெச் சூழல்களில் மதிப்புப் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இடைக்காலத்தில் முண்டு மரம் அழகோடு உறுதியையும் அளித்தது. இருபதாம் நூற்றாண்டில் குறையின் அழகு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, கிண்ணத்தின் பயன்பாடு பின்தள்ளப்பட்டது. இம்மாற்றத்தின் விளைவைக் கிண்ணமும் காடும் ஒருங்கே ஏற்றன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: கடைசல், மரக்கிண்ணம், மேசர், மரமுண்டு, பூஞ்சைக்கறை, தரப்பிரிப்பு, கைவினை வரலாறு.

1. முன்னுரை

சுழலும் மரத்துண்டில் உளியை வைத்துச் செதுக்கி உருவம் அமைக்கும் தொழில் கடைசல் எனப்படும். கட்டில் கால், பம்பரம், மத்து, சிறுவர் விளையாடும் சொப்பு முதலியன கடைசலால் ஆனவை. இத்தொழிலாயினும் தச்சாயினும், மரம் தேர்வோர் நேரான இழையோட்டத்தையும் வைரம் பாய்ந்த தன்மையையும் முதலில் நோக்குவர். கணு மிகுந்தது, வெடித்தது, பூச்சி அரித்தது, கறை படிந்தது ஆகியவற்றை ஒதுக்குவர். இவ்வழக்கம் பல நாடுகளின் மரத்தொழில்களுக்கும் பொதுவானது.

இவ்வாறு ஒதுக்கப்படும் மரத்தையே தேடிச் சென்று கிண்ணமாகக் கடையும் மரபு ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. பூஞ்சை படர்ந்த மேப்பிள் மரத்தின் கருங்கோடுகள், முண்டின் கண் போன்ற சுழிகள், காயம்பட்ட மரத்தில் தோன்றும் செந்நிறக் கீற்றுகள் ஆகியவை இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. இம்மரபு 1970-களில் அமெரிக்காவில் எழுந்த அழகியல் விழிப்பின் விளைவு எனக் கூறப்படுவதுண்டு. அக்கூற்று முழுமையானதன்று. குறையுள்ள மரத்தைப் போற்றுதல் மிகப் பழையது. இடைக்காலத்திற்கும் இருபதாம் நூற்றாண்டிற்கும் இடையில் மாறியது, அக்குறையிடமிருந்து கிண்ணம் எதனை எதிர்பார்த்தது என்பதேயாகும். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கிண்ணமும் மரத்தின் இயல்பும்

குறையுள்ள மரம் கிண்ணத்திற்குப் பொருந்துவதற்கான காரணம் கிண்ணத்தின் வடிவிலேயே உள்ளது. உத்தரமும் பலகையும் நீளவாட்டில் சுமை தாங்குபவை. இழையோட்டம் ஓரிடத்தில் கணுவால் தடைப்பட்டால் அவ்விடத்தில் உறுதி குறையும். கிண்ணமோ குறுகிய, பருத்த கட்டையிலிருந்து கடையப்படுவது; பெருஞ்சுமை எதனையும் தாங்காதது. அதன் வளைந்த பரப்பு மரத்தின் ஆண்டு வளையங்களைப் பல கோணங்களில் வெட்டிச் செல்வதால், பலகையில் ஒரு புள்ளியாகத் தோன்றும் கணு கிண்ணத்தில் சுழியாக விரிகிறது. உத்தரத்தை நலிவிக்கும் ஒன்று கிண்ணத்தில் கோலமாகிறது.

கிண்ணத்திற்கு உண்மையான இடர் ஈரத்தால் வருவது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் பொதுவாக இருமடங்கு. இவ்வேறுபாட்டால் மரம் கோணுகிறது. அடர்ந்த கட்டையாயின் வெடிக்கிறது. எனவே, ஈரமரத்தைத் தடித்த கிண்ணமாக முதலில் கடைந்து, உலரவிட்டு, மீண்டும் கடைவது வழக்கமாயிற்று. முதற்கடைசலில் சுவரின் தடிப்பைக் கிண்ணத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக விடுவது கடைசல்காரர் பலரும் பின்பற்றும் கணக்கு.

மரத்தின் தண்டிலோ வேர்ப்பகுதியிலோ புடைத்து வளரும் கழலை போன்ற பகுதி இங்கு மரமுண்டு எனப்படுகிறது. வெளிவராத மொட்டுகள் பல அதனுள் செறிந்திருப்பதுண்டு. அவற்றைச் சுற்றி இழைகள் எல்லாத் திசைகளிலும் பின்னி வளர்வதால் முண்டு மரம் எளிதில் பிளவுபடாது. பலகை அறுப்போருக்குத் தொல்லை தரும் இப்பண்பே மெல்லிய கிண்ணம் கடைவோருக்கு வாய்ப்பாக அமைந்தது.

3. மேசர்: உறுதியும் அழகும் ஒன்றான நிலை

முண்டு மரத்தின் மீதான விருப்பம் உரோமானியர் காலத்திலேயே மிகுந்திருந்தது. வட ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிட்ரஸ் எனும் மரத்தின் வேர் முண்டுகளால் ஆன மேசைகளைப் பற்றி மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவற்றின் கோலங்களைப் புலி வரி, சிறுத்தைப் புள்ளி, மயில் தோகைக் கண் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அழைத்தனர். சிசரோ அத்தகைய மேசை ஒன்றை 5,00,000 செஸ்டர்ஸ் கொடுத்து வாங்கியதாகப் பிளினி குறிப்பிடுகிறார்.

கிண்ணக் கடைசலில் இவ்விருப்பத்தின் தெளிவான சான்று இங்கிலாந்தின் மேசர் ஆகும். 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை செல்வர் இல்லங்களிலும் துறவி மடங்களிலும் பருகுகலனாக விளங்கிய இக்கிண்ணம் பெரும்பாலும் மேப்பிள் முண்டிலிருந்து கடையப்பட்டது. புள்ளியையும் மர முடிச்சையும் குறிக்கும் பழைய செருமானிய வேர்ச்சொல்லோடு மேசர் என்னும் பெயர் தொடர்புடையது. கலத்தின் பெயரே மரத்தின் குறையிலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது.

அக்காலத்துக் கடைசல் பொறி மிதியால் இயங்கியது. தலைக்கு மேல் வளைந்த கம்பு ஒன்றில் கட்டிய கயிறு, கடையும் கட்டையைச் சுற்றிக் கீழிறங்கி மிதிபலகையோடு இணையும். மிதிக்கும்போது கட்டை ஒருபுறம் சுழலும். காலை எடுத்தால் கம்பு கயிற்றை மேலிழுக்க, மறுபுறம் சுழலும். முதற் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். கயிற்றால் மத்தை முன்னும் பின்னும் சுழற்றித் தயிர் கடையும் முறையை இது ஒத்தது. அச்செயலுக்கும் இத்தொழிலுக்கும் தமிழில் கடைதல் என்னும் ஒரே சொல் வழங்குவது இவ்வொப்புமையை நினைவூட்டுகிறது. இத்தகைய பொறியில், இழை பின்னிய முண்டை மெல்லிய சுவருடைய கிண்ணமாகக் கடைவதற்கு மிகுந்த தேர்ச்சி வேண்டும்.

எளியோர் உண்ட கிண்ணங்கள் ஆல்டர், ஆஷ், பீச் போன்ற மரங்களால் ஆனவை. யார்க் நகரின் காப்பர்கேட் பகுதியில் நிகழ்ந்த அகழாய்வில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடைசல் கழிவுகள் கிடைத்துள்ளன. கிண்ணம் செய்வோர் தெரு என்பதே அப்பெயரின் பொருள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்தும் மாலுமிகளின் மரக்கிண்ணங்கள் மீட்கப்பட்டன. இவற்றோடு ஒப்பிடுகையில் மேசரின் தகுதி விளங்கும். அதன் விளிம்பில் பொன்முலாம் பூசிய வெள்ளிப்பட்டை பொருத்தப்பட்டது. அப்பட்டை ஆழமற்ற கிண்ணத்திற்கு ஆழத்தையும் கூட்டியது. உட்புறத்து நடுவில் பொறிப்புடைய வெள்ளி வட்டம் பதிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பாதுகாக்கப்படும் அன்ன மேசர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

மேசர் வெறும் காட்சிப் பொருளாக இருக்கவில்லை. சாமுவேல் பீப்ஸ் 1660-ஆம் ஆண்டு சாஃப்ரன் வால்டன் நகரின் அறச்சாலை ஒன்றில் வெள்ளி விளிம்புடைய பழுப்புக் கிண்ணத்தில் பருகியதையும், அதன் அடியில் குழந்தையோடு கூடிய கன்னி மரியாளின் உருவம் இருந்ததையும் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். மேசரின் பெருவழக்கு மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அக்கலம் உதட்டிற்குச் சென்றுகொண்டிருந்தது. முண்டின் பின்னிய இழை கிண்ணம் பிளவாமல் காத்தது. அதே இழை கண்ணுக்கு இனிய கோலத்தையும் தந்தது. குறை, உறுதி, அழகு, பயன் ஆகிய நான்கும் ஒரே கலத்தில் பிரிக்க இயலாதவாறு அமைந்த நிலை இது.

4. தரப்பிரிப்பும் குறையின் வரையறையும்

16-ஆம் நூற்றாண்டிற்குப் பின் கண்ணாடி, உலோகம், மட்பாண்டம் ஆகியவை மரக்கிண்ணத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. பெர்க்‌ஷர் வட்டாரத்துப் பக்கிள்பரியில் வாழ்ந்த ஜார்ஜ் லெய்லி (1869–1958) மிதிகடைசல் பொறியில் எல்ம் மரக் கிண்ணங்களைக் கடைந்தார். ஒரே கட்டையிலிருந்து ஒன்றனுள் ஒன்றாகப் பல கிண்ணங்களை எடுக்கும் திறன் அவருக்கு இருந்தது. பின்னிய இழையுடைய எல்ம் பிளவைத் தாங்கியதால் மெல்லிய சுவர்கள் இயன்றன. அவரோடு அத்தொழில் இங்கிலாந்தில் தொடர்ச்சி அற்றது. அவருடைய பொறி இப்போது ரெடிங் நகரிலுள்ள ஆங்கில ஊரக வாழ்வு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதே காலப்பகுதியில், நெடுந்தொலைவு வணிகத்தின் தேவையால் மரம் தரம் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1898-இல் தோன்றிய தேசிய வன்மர அறுவைமரச் சங்கம் பொதுவான தரவிதிகளை வகுத்தது. அதன் உயர்தரப் பிரிவில் ஒரு பலகை இடம்பெற வேண்டுமாயின், பரப்பில் 83 விழுக்காட்டிற்கு மேல் குறையற்ற துண்டுகளாகத் தேற வேண்டும். கணு, வெடிப்பு, அழுகல், பூச்சித் துளை முதலியவை கழிக்கப்படுவன. வாங்குவோர் மரத்தை நேரில் காணாமலே விலைபேச இவ்விதிகள் துணைசெய்தன. நாற்காலி, தரை, அலமாரி ஆகியவற்றுக்கு வேண்டிய அளவுகோல் மரம் முழுமைக்கும் உரிய அளவுகோலாக நிலைபெற்றது. கைவினைஞரின் கண்ணால் அளக்கப்பட்ட குறை, கணக்கிடப்படும் கழிவாயிற்று.

5. வடிவிலிருந்து மரத்திற்கு: அமெரிக்கக் கடைசல்

இருபதாம் நூற்றாண்டில் மரக்கிண்ணத்தைக் கலைப்பொருளாக உயர்த்திய முன்னோடிகளுள் ஜேம்ஸ் பிரஸ்டினி (1908–1993) குறிப்பிடத்தக்கவர். இயந்திரப் பொறியியல் பயின்ற இவர், கண்ணாடியையும் பீங்கானையும் ஒத்த மிக மெல்லிய கிண்ணங்களைக் கடைந்தார். இழையோட்டம் அமைதியான மரங்களை விரும்பினார். மரத்தின் கோலம் வடிவத்தை மறைத்தல் கூடாது என்பது அவருடைய படைப்புகளில் வெளிப்படும் நெறி. 1950-இல் வெளிவந்த ‘பிரஸ்டினிஸ் ஆர்ட் இன் வுட்’ என்னும் நூல் அவர் புகழை நிலைநாட்டியது. மரக்கிண்ணம் அருங்காட்சியகத்தில் நுழைந்தபோது, அது குறையற்ற மரத்தின் வழியாகவே நுழைந்தது.

பாப் ஸ்டாக்ஸ்டேல் (1913–2003) அடுத்த படியைக் குறிக்கிறார். இரண்டாம் உலகப்போரின்போது போர்ப்பணியை மனச்சான்றின்படி மறுத்தோருக்கான முகாமில் கிண்ணம் கடையத் தொடங்கிய இவர், பின்னர்க் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பட்டறை அமைத்தார். ஒவ்வொரு கட்டையின் கோலத்தையும் ஆராய்ந்து, எங்கு அறுத்தால் வைரத்தின் கருமையும் வெளிறின் வெண்மையும் கிண்ணத்தில் பொருந்தி அமையும் எனக் கணித்தார். மரம் தன் வடிவத்தைக் கோரும் நிலை இவரிடம் தொடங்கியது. எனினும் உணவு பரிமாறும் கிண்ணங்களையும் இவர் தொடர்ந்து கடைந்தார். கென்டக்கி மாநிலப் பெரியா கல்லூரியில் கற்பித்த ரூட் ஓசோல்னிக் (1915–2001) பிறர் கழித்த மரத்தை விரும்பி எடுத்தார். கட்டையின் இயற்கையான வெளிவிளிம்பைக் கிண்ணத்தின் வாயாகவே விட்டுவைத்தார்.

மெல்வின் லிண்ட்குவிஸ்ட் (1911–2000), அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் ஆகியோரிடம் இப்போக்கு முழுமை பெற்றது. தந்தை, நியூயார்க் மாநிலத்துச் செனக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியவர். காட்டில் வீழ்ந்து அழுகத் தொடங்கிய மரங்களையும் முண்டுகளையும் இருவரும் கடைந்தனர். 1977-இல் ‘ஃபைன் வுட்வொர்க்கிங்’ இதழில் மார்க் எழுதிய கட்டுரையின் தலைப்பு, பூஞ்சைக்கறை படிந்த மரத்தைச் சாவிலும் அழுகலிலும் விளைந்த அரிய மணிகளாக வருணித்தது. சப்பானியத் தேநீர்க் கலங்களில் சூளையின் தழும்பும் சாம்பற்படிவும் போற்றப்படும் மரபு அவர் பார்வையை உருவாக்கிய தாக்கங்களுள் ஒன்று. பிரஸ்டினி அடக்க முயன்ற மரக்கோலம் இங்குக் கிண்ணத்தின் உள்ளடக்கமாகவே ஆயிற்று.

6. நிறத்தின் பின்னுள்ள உயிரியல்

ஸ்பால்டிங் எனப்படும் பூஞ்சைக்கறை மூவகைப்படும். முதலாவது, வெண்ணழுகல் பூஞ்சைகள் லிக்னினைச் சிதைப்பதால் மரம் வெளுத்தல். இரண்டாவது, தத்தம் எல்லையைக் காக்கும் பூஞ்சைகள் கருநிறப் பொருளால் அமைக்கும் வரம்புகள். கிண்ணத்தில் மையால் வரைந்தவை போல் தோன்றும் மெல்லிய கோடுகள் இவையே. மூன்றாவது, பூஞ்சை வெளியிடும் நிறமி மரத்தில் ஊறுதல். பீச், பிர்ச், மேப்பிள் போன்ற வெளிர்நிற மரங்களில் இவை சிறப்பாகப் புலப்படும்.

இவ்வகை நிறமும் மரத்தொழிலுக்குப் புதியதன்று. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் மரப்பதிப்பு ஓவியங்களில் காணும் நீலப்பச்சைத் துண்டுகள் குளோரோசிபோரியா என்னும் பூஞ்சையால் நிறம் பெற்றவை என்பதை நுண்ணோக்கி ஆய்வுகள் நிறுவியுள்ளன. அக்காலத் தச்சர் பூஞ்சையை அறியாவிடினும் அதன் நிறத்தை அறிந்து தேடியுள்ளனர்.

கடைசல்காரருக்குப் பூஞ்சைக்கறை காலக் கணக்காக அமைகிறது. மரம் ஈரமாக உள்ளவரை பூஞ்சை வளரும். ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினால் அதன் வளர்ச்சி நிற்கும். விரைவில் உலர்த்தினால் கோடுகள் தோன்றா. காலம் கடந்தால் மரம் பஞ்சுபோல் ஆகி உளிக்கு நில்லாது. தக்க வேளையில் எடுத்த கட்டையிலும் வன்மையும் மென்மையும் அடுத்தடுத்து இருப்பதால் உளி மென்பகுதியைப் பிய்த்துவிடும். லிண்ட்குவிஸ்ட் போன்றோர் கார்பைடு முனைக் கருவிகளையும் உராய்வுப் பொறிகளையும் கையாண்டு இதனைக் கடந்தனர். குறையை ஏற்கும் மனப்பாங்கு கருவி மாற்றத்தோடு இணைந்தே வெற்றி பெற்றது.

7. வெடிப்பு: அடக்குதலும் வெளிப்படுத்தலும்

வெடிப்பை எதிர்கொள்வதில் இரு வழிகள் தோன்றின. அட்லாண்டா நகரின் கட்டடக் கலைஞரான எட் மோல்த்ராப் (1916–2003) அமெரிக்கத் தென்பகுதியின் துலிப் மரம், மக்னோலியா, செங்கீற்றுடைய மேப்பிள் வகை ஆகியவற்றிலிருந்து மிகப்பெரிய கிண்ணங்களைக் கடைந்தார். அவ்வளவு பெரிய கட்டை உலரும்போது வெடிக்காமலிருக்க, முதற்கடைசல் முடிந்த கிண்ணங்களைப் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலில் ஊறவைத்தார். அப்பொருள் மரத்தின் செல்சுவரில் நீரின் இடத்தைப் பிடித்துச் சுருக்கத்தைத் தடுக்கிறது. 1961-இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலைக் காப்பதற்கும் இதே வேதிப்பொருள் பயன்பட்டது. நிறத்தை வைத்துக்கொண்டு வெடிப்பை விலக்கும் வழி இது.

டேவிட் எல்ஸ்வொர்த் (பி. 1944) மறுவழியைத் தேர்ந்தார். 1970-களில் வளைந்த கருவிகளைத் தாமே அமைத்து, சிறு வாயின் வழியே உட்புறத்தைக் குடைந்து, சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள கலங்களைக் கடைந்தார். மரத்தில் இயல்பாக இருந்த துளையும் பிளவும் அவற்றின் சுவரில் திறந்தே நின்றன. அவை எதனையும் கொள்ளும் கலங்களாக இல்லை. 1986-இல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் தோன்றியபோது எல்ஸ்வொர்த் அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் வாஷிங்டனின் ரென்விக் காட்சிக்கூடத்தில் எட்வர்ட் ஜேக்கப்சன் திரட்டிய கடைசல் கிண்ணங்கள் காட்சிப்படுத்தப்பட்டன.

8. பயன்பாட்டின் இழப்பும் காட்டின் இழப்பும்

மேற்கூறியவற்றை மேசரோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. மேசரில் குறையானது கலத்தை நீடிக்கச் செய்தது. பூஞ்சைக்கறைக் கிண்ணத்திலோ குறை மரத்தை நலிவிக்கிறது. பிளவுடைய கிண்ணத்தில் குறை கலத்தின் தொழிலையே நீக்குகிறது. மென்பகுதிகளை இறுகச் செய்யப் பசையும் பிசினும் தேவைப்படுகின்றன. கிண்ணம் கையிலிருந்து மாடத்திற்கு இடம்பெயர்ந்தது. அவ்விடப்பெயர்ச்சியே குறைக்கு முழு உரிமை அளித்தது. கஞ்சியும் நீரும் ஊற்றப்படாத கலத்தில்தான் வெடிப்பு அழகாக மட்டும் இருக்க இயலும்.

இதற்கு மாற்றான குரல்களும் எழுந்தன. லெய்லியின் பொறியை ஆராய்ந்து மிதிகடைசலை இங்கிலாந்தில் மீட்டெடுத்த ராபின் உட், நாள்தோறும் உண்ணும் கிண்ணங்களைக் கடைந்தார். ‘தி வுடன் போல்’ (2005) என்னும் நூலில் அக்கலத்தின் வரலாற்றையும் எழுதினார். எளிய மரம், எளிய வடிவம், அன்றாடப் பயன் ஆகியவற்றை இம்மரபு முன்வைக்கிறது.

இரண்டாவது விளைவு காட்டில் நிகழ்ந்தது. லிண்ட்குவிஸ்ட் போன்றோர் வீழ்ந்த மரத்தையும் கழிவையும் நாடினர். குறைக்குச் சந்தை உருவானபின் உயிருள்ள மரத்தின் முண்டும் விலைபெற்றது. கலிபோர்னியாவின் கடற்கரை ரெட்வுட் மரங்களில் அடிமுண்டுகளைத் திருட்டுத்தனமாக அறுத்தெடுப்பது பெருகியதால், 2014-இல் ரெட்வுட் பூங்காவின் நியூட்டன் பி. துருரி சாலை இரவு நேரங்களில் மூடப்பட்டது. அம்முண்டு, மரம் சாய்ந்தாலும் எரிந்தாலும் மீண்டும் துளிர்ப்பதற்கான மொட்டுகளைக் கொண்டது. தரவிதி குறை என விலக்கிய பகுதி மரத்திற்கு உயிர்ச்சேமிப்பு. விலக்கப்பட்டிருந்தவரை அதற்குக் காவல் தேவைப்படவில்லை.

9. முடிவுரை

மரத்தின் குறை என்பது மரத்தை நோக்குவோரின் தேவையால் வரையறுக்கப்படுவது என்பதை இவ்வாய்வு காட்டுகிறது. இடைக்கால மேசரில் முண்டின் பின்னிய இழை உறுதியாகவும் அழகாகவும் ஒருங்கே மதிக்கப்பட்டது. பலகை வணிகத்தின் தரவிதிகள் அதனைக் கழிவாக்கின. இருபதாம் நூற்றாண்டின் கடைசல் கலைஞர்கள் அக்கழிவை மீட்டனர். கார்பைடு கருவி, வேதிப்பொருள், பசை ஆகியவை அம்மீட்பை இயலச் செய்தன. எனினும் மீட்கப்பட்டது குறையின் தோற்றமே. குறைக்கும் பயனுக்கும் இடைக்காலத்தில் இருந்த பிணைப்பு மீளவில்லை.

ஆகவே, குறையை ஏற்றல் என்பதைத் தன்னளவிலேயே மரத்தின் மீதான மதிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. வீழ்ந்த மரத்தில் பூஞ்சை வரைந்த கோட்டைக் கண்டு போற்றுவதும், நிற்கும் மரத்தின் முண்டை இரவில் அறுப்பதும் ஒரே சுவையின் இரு விளைவுகள். கைவினை வரலாற்றாய்வு, முடிந்த கலத்தின் அழகோடு நின்றுவிடாமல், அக்கலத்திற்கு மரம் எவ்வாறு வந்தது, கலம் எதற்குப் பயன்பட்டது என்னும் இரு வினாக்களையும் சேர்த்து எழுப்புதல் வேண்டும். அவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே குறையின் மதிப்பு எத்தகையது எனத் துணிய இயலும்.